முதலில் பார்த்தவரே தேவதாஸ்

தேவதாஸாக நடித்தவர்களில் சிறந்தவர் யார் என்று விஜயவாடாவில் கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்: அக்கினேனி நாகேஸ்வர ராவ். லக்னோவிலோ டெல்லியிலோ கேட்டால் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. தாத்தா இருந்தவரை சைகல் கட்சி. அப்பா திலீப் குமார் கட்சி. கல்லூரி நாட்களில் 2002ம் ஆண்டுப் படத்தைத் தோழிகளோடு பார்த்த மகளுக்கு ஷாருக்கான்தான். அவள் தம்பியோ அபய் தியோலைச் சொல்லி எல்லோரையும் முகம் சுளிக்க வைப்பான். கொல்கத்தாவில் விவகாரம் இன்னும் சிக்கலானது. அங்கே பிரமதேஷ் பருவாவின் பெயரைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்கிறவர்கள் ஏராளம். அவர் நடித்த தேவதாஸைப் பார்த்தவர்கள்தான் கிடைக்க மாட்டார்கள்.

சினிமா ரசிகர்களின் பொழுதுபோக்குகளில் ஒப்பிடுதல் மிகப் பழையது. எந்த நடிகர், எந்த மொழிப் படம், எந்த முடிவு, மூலக்கதைக்கு எது நெருக்கம் என்று விடிய விடியப் பேசலாம். அப்படிப் பேசுவதற்கென்றே ஒரு கதை இந்தியாவுக்கு வாய்த்திருக்கிறது என்றால் அது சரத்சந்திர சட்டோபாத்யாய் இளவயதில் எழுதி, வெளியிடத் தயங்கி, கடைசியில் 1917ல் புத்தகமாக வந்த அந்தச் சிறிய நாவல்தான். 1928ல் ஊமைப்படம். 1935ல் வங்காளத்திலும் இந்தியிலும். 1937ல் தமிழில். 1953ல் தெலுங்கிலும் தமிழிலும். 1955ல் பிமல் ராய். பிறகு 1974ல் மறுபடி தெலுங்கு, 1979ல் மறுபடி வங்காளம், 1989ல் மலையாளம். எல்லைக்கு அப்பால் பங்களாதேஷில் 1982ல் ஒன்று. 2002ல் மட்டும் இந்தியில் ஒன்றும் வங்காளத்தில் ஒன்றுமாக இரண்டு. முழுப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. குல்சார் எழுபதுகளில் தர்மேந்திரா, ஹேமமாலினி, ஷர்மிளா தாகூரை வைத்துத் தொடங்கி, நின்று போன தேவதாஸ் வேறு. எடுத்து முடிக்காத அந்தப் படம்தான் எல்லாவற்றையும் விட நன்றாக இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்கிற ரசிகர்களும் உண்டு. அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

இந்த வாதங்களில் எல்லாத் தரப்பும் சாட்சிக்குக் கூப்பிடுவது புத்தகத்தை. 2002ல் சஞ்சய் லீலா பன்சாலியின் படம் வந்தபோது கிளம்பிய கூச்சல் நினைவிருக்கும். தேவதாஸ் எங்கே லண்டனுக்குப் போனான்? புத்தகத்தில் அவன் போனது கல்கத்தாவுக்கு. பார்வதியும் சந்திரமுகியும் எப்படிச் சேர்ந்து ஆடலாம்? புத்தகத்தில் இருவரும் சந்திப்பதே இல்லையே. பன்சாலியின் பார்வதி துர்க்கை சிலைக்கு மண் எடுக்க சந்திரமுகியின் வாசலுக்குப் போகிறாள். தாசி வீட்டு வாசல் மண்ணைச் சேர்த்துத் துர்க்கை செய்வது வங்காளத்தில் நிஜமாகவே இருக்கும் வழக்கம். ஆனாலும் சரத்சந்திரர் அதை எழுதவில்லை என்பது நிஜம்.

கூச்சல் போட்டவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது நாவலை அல்ல, பிமல் ராயின் படத்தை. அந்தப் படத்திலும் இரண்டு பெண்களும் சந்திக்கிறார்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். பல்லக்கில் ஒருத்தி, கால்நடையாக ஒருத்தி. கிராமத்துச் சாலையில் எதிரெதிரே கடக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு சொல் கிடையாது. யார் யாரென்று இருவருக்குமே தெரியாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சுசித்ரா சென்னும் வைஜயந்திமாலாவும் சில விநாடிகளில் சாதித்த அந்தக் காட்சி நாவலில் இல்லை. இருந்தும், அது சரத்சந்திரர் எழுதாமல் விட்டுப்போன பக்கம் போல அத்தனை இயல்பாக ஒட்டிக்கொண்டது. பன்சாலியின் நடனம் ஒட்டவில்லை என்றால், அதற்குக் காரணம் அது புத்தகத்தில் இல்லாதது மட்டுமல்ல. அங்கே இரண்டு பெண்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். பார்க்கிறவனுக்கு ஏங்குவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இதையும் ஒப்புக்கொள்ளாத ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த நடனத்துக்காகவே பத்து முறை படம் பார்த்தவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

அந்தச் சந்திப்பில் பங்கு பெற்ற வைஜயந்திமாலா பின்னால் ஒரு காரியம் செய்தார். தேவதாஸுக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அறிவிக்கப்பட்டபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். சந்திரமுகி எப்படித் துணைப் பாத்திரம் ஆவாள், பார்வதிக்குச் சமமான நாயகி அல்லவா என்பது அவர் வாதம். நாவலைப் படித்தவர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள். தொழிலை விட்டு, நகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிராமத்தில் போய் உட்கார்ந்து, பிறகு தேவதாஸைத் தேடி ஊர் ஊராக அலைகிறவள் அவள். பல பக்கங்களில் கதை அவளுடையது.

புத்தகத்துக்கு விசுவாசம் என்று பேசுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திறந்தால் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். நள்ளிரவில் தைரியமாக தேவதாஸின் அறைக்கு வந்து நிற்கும் பார்வதிக்கு நாவலில் வயது 13. அவளை மணந்துகொண்டு போகும் ஹாத்திபோதா ஜமீன்தார், வளர்ந்த பிள்ளைகளை உடைய, நாற்பது வயது மதிக்கத்தக்க மனைவியை இழந்தவர். சரத்சந்திரர் எழுதியது குழந்தை மணம் சாதாரணமாக இருந்த ஒரு காலத்து வங்காளக் கிராமத்தை. அங்கே இரண்டு குடும்பமும் பிராமணக் குடும்பம்தான். ஆனால் பெண்ணுக்குப் பணம் வாங்கிக் கல்யாணம் செய்து கொடுக்கும் வழக்கமுள்ள வீடு என்பதால் பார்வதியின் வீடு மட்டம். பக்கத்து வீட்டுச் சம்பந்தம் என்பது அதற்கு மேல் ஓர் இளப்பம். அத்தனை பாடும் இந்த நுணுக்கமான ஏற்றத்தாழ்வால் வந்தது. சினிமாவில் அது பெரும்பாலும் பணக்கார வீடு, ஏழை வீடு என்று சுருங்கிவிட்டது. 13 வயதுப் பார்வதியை எந்தப் படமும் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும் என்று எந்த ரசிகரும் கேட்கப்போவதும் இல்லை. ஆகவே முழு விசுவாசம் என்பது யாருக்குமே வேண்டாத பொருள்.

தேவதாஸ் பார்வதியை அடிக்கும் இடம் இன்னொன்று. நாவலில் அவன் கையில் இருப்பது தூண்டில் கழி. அதன் அடிக்கட்டையால் அவள் நெற்றியில் அடிக்கிறான். ரத்தம் வருகிறது, தழும்பு நிற்கிறது. பன்சாலி படத்தில் தூண்டில் கழிக்குப் பதில் நகை. காயம்கூட அலங்காரமாகிவிட்டது. பெண்ணை அடித்துவிட்டு அதற்குக் காதல் என்று பெயர் வைக்கும் ஒருவனை ரசிகர்கள் ஒரு நூற்றாண்டாகக் கொண்டாடி வருவது பற்றி இப்போதைய இளம்பெண்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. அனுராக் காஷ்யப் 2009ல் எடுத்த தேவ் டி படம் அந்தக் கேள்வியிலிருந்துதான் புறப்பட்டது. பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் கதை இடம் மாறியது. அந்தப் பாரோ அழுதுகொண்டு காத்திருக்கிறவள் இல்லை. அந்தத் தேவ் சாகவும் இல்லை. சரத்சந்திரருக்குச் செய்த துரோகம் என்று மூத்த ரசிகர்கள் கொதித்தார்கள். யோசித்தால், தேவதாஸைத் தியாகியாக்காமல் பரிதாபத்துக்குரிய பலவீனனாக மட்டுமே பார்த்ததில் நாவலாசிரியருக்கு அந்தப் படம் மற்ற பலவற்றை விடப் பக்கத்தில் இருக்கிறது. நாவலின் கடைசியில் அவர் வாசகரிடம் கேட்பது அவனுக்காகக் கொஞ்சம் இரக்கம். கைதட்டல் கேட்கவில்லை.

இனி அந்தக் கதவு. எந்தத் தேவதாஸைப் பார்த்தவரையும் கேளுங்கள், கடைசிக் காட்சியை ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: வெளியே மரத்தடியில் தேவதாஸ், உள்ளே செய்தி கேட்டு ஓடி வரும் பார்வதி, அவள் வாசலை எட்டுவதற்குள் பெரிய கதவுகள் மூடிக்கொள்கின்றன. இதுதான் சரத்சந்திரரின் முடிவு என்று சத்தியம் செய்வார்கள். நாவலில் அந்தக் கதவு இல்லை. இரவில் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தவன் விடிந்ததும் இறக்கிறான். அநாதைப் பிணமாக அவன் உடல் எரிக்கப்பட்ட பிறகே அவன் யாரென்று பார்வதிக்குத் தெரிகிறது. ஓடுகிறாள். வீட்டு ஆட்கள் பிடித்து, நினைவிழந்தவளை உள்ளே தூக்கி வருகிறார்கள். அவ்வளவுதான். கதவை மூடியவர் பருவா. 1935ல் நியூ தியேட்டர்ஸ் படத்துக்காக அவர் யோசித்துச் சேர்த்தது. மணமான பெண் வாசலைத் தாண்டி இன்னொருவனைப் பார்க்க ஓடக்கூடாது என்று சமூகம் போட்ட தாழ்ப்பாளை அவர் கண்ணுக்குத் தெரியும் கதவாக்கினார். பின்னால் வந்தவர்கள் அதைப் புத்தகத்தின் பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பருவாவின் இன்னொரு கைவண்ணம் ரயில் காட்சி. ஜுர வேகத்தில் தேவதாஸ் அலறுகிறான். எங்கோ தொலைவில் பார்வதி தடுக்கி விழுகிறாள். மறுகணம் ரயிலில் தேவதாஸ் படுக்கையிலிருந்து விழுகிறான். இரண்டு இடங்களை வெட்டி ஒட்டி ஒரே வலியாக்கும் இந்த உத்தி அன்று இந்தியப் படங்களுக்குப் புதிது. ரித்விக் கட்டக் போன்ற கறாரான மனிதரே இந்தக் காட்சியை மெச்சியிருக்கிறார். அஸ்ஸாமில் கௌரிப்பூர் ஜமீன் வாரிசான பருவா நடிப்பிலும் ஒரு பழக்கத்தை மாற்றினார். மேடை நாடகக் குரலில் முழங்குவதுதான் நடிப்பு என்றிருந்த நாட்களில் அவர் சாதாரணமாகப் பேசினார்.

வங்காளப் படத்தில் பருவாவே தேவதாஸ். அதே ஆண்டில் அதே நிறுவனத்துக்கு அவரே இயக்கிய இந்திப் படத்தில் குந்தன்லால் சைகல். குரல் மாற்றி ஒட்டும் வசதி வராத காலம். இன்னொரு மொழி வேண்டுமென்றால் இன்னொரு படமே எடுக்க வேண்டும். இரண்டிலும் பார்வதி ஜமுனா. சந்திரமுகி வங்காளத்தில் சந்திராவதி தேவி, இந்தியில் ராஜகுமாரி. சைகல் வங்காளப் படத்திலும் சிறு வேடத்தில் வந்து பாடியிருக்கிறார். ஆக, ஒரே இயக்குநர் ஒரே கதையை இரண்டு விதமான நடிகர்களைக் கொண்டு சொல்லிப் பார்த்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஒப்பிடும் ரசிகனுக்கு இதை விடத் தோதான ஜோடி அமையாது.

ஆனால் நாட்டின் நினைவில் தங்கியவர் சைகல். காரணம் நடிப்பு இல்லை, இசைத்தட்டு. பருவா பாடகர் அல்ல. படம் தியேட்டரை விட்டுப் போனதும் அவருடைய தேவதாஸ் எங்கும் ஒலிக்கவில்லை. சைகலின் பாட்டு கிராமபோனில் சுற்றியது, பிறகு ரேடியோவில். இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் பழைய பாடல்களுக்கான காலை நிகழ்ச்சி பல்லாண்டுக் காலம் தினமும் சைகல் பாட்டோடுதான் முடிந்தது. கடிகாரத்தைச் சரி செய்வது போல அந்தப் பாட்டைக் கேட்டு ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் வட இந்தியா முழுக்க இருந்தார்கள். படத்தையே பார்க்காதவர்களுக்கும் தேவதாஸ் என்றால் அந்தக் குரல்தான்.

1953 படத்துக்கும் இதே கதை. வினோதா பிக்சர்ஸ் தயாரிப்பில் வேதாந்தம் ராகவய்யா தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படத்தில் நாகேஸ்வர ராவ், சாவித்திரி, லலிதா. சி.ஆர். சுப்பராமன் இசை. படம் வெளிவருவதற்கு முன்பே, 1952ல், அவர் இறந்துவிட, உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் மிச்ச வேலையை முடித்தார்கள். கண்டசாலாவின் குரல் இரண்டு மொழியிலும் ஒரு தலைமுறைக்கே சோகத்தின் குரலாகிவிட்டது. ஆந்திரத்தில் சரத்சந்திரரை ஏற்கெனவே சக்ரபாணியின் மொழிபெயர்ப்புகளில் படித்துப் படித்து, அவரைத் தெலுங்கு எழுத்தாளர் என்றே நினைத்தவர்கள் உண்டு என்பார்கள். அந்தத் தெலுங்கு சரத்சந்திரருக்கு ஏற்ற தெலுங்கு தேவதாஸ் கிடைத்த பிறகு வேறொருவர் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. 1974ல் கிருஷ்ணா முயன்று பார்த்தார், விஜயநிர்மலா இயக்கினார். ரசிகர்கள் பழையவரையே வைத்துக்கொண்டார்கள். மாட்டுங்காவிலும் கரோல்பாகிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பாடு தனி. வீட்டில் அம்மா முணுமுணுத்த கண்டசாலா, தெருவில் திலீப் குமார். யார் பக்கம் சேருவது?

பிமல் ராய் மட்டும் இந்தச் சண்டையில் சாமர்த்தியமாக, அல்லது பண்போடு, நடந்துகொண்டார். 1935ம் வருட இந்திப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். இருபது ஆண்டு கழித்து அதே கதையைத் தானே இயக்கியபோது, படத்தைப் பருவா, சைகல் இருவரின் நினைவுக்கும் சமர்ப்பணம் செய்தார். இருவரும் அப்போது உயிரோடு இல்லை. திலீப் குமாரின் தேவதாஸ் அடங்கிய குரலில் பேசுகிறான் என்று வியக்கிறவர்கள், அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சமர்ப்பணத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

தெரிந்துகொள்ள வேண்டுமானால் பருவாவின் படம் இருக்க வேண்டும். அங்கேதான் ரசிகர்களின் வாதம் விளையாட்டாக இல்லாமல் போகிறது. இந்திப் படம் பிழைத்துக்கொண்டது. வங்காளப் படத்தின் பிரதிகள் இந்தியாவில் தீக்கிரையாயின. அந்த நாளைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது; வெயில் பட்டாலே ஆபத்து, பற்றினால் அணைக்க முடியாது. எரியாமல் தப்பியவை வெள்ளிக்காக விற்கப்பட்டன. சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்கு வாங்கிப் போனார்கள். நாட்டின் முதல் பேசும் படமான 1931ம் ஆண்டின் ஆலம் ஆராவின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்களில் முழுதாக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1928ன் தேவதாஸும் போனவற்றில் ஒன்று. அதற்காக வாதாட ஒரு ரசிகர்கூட இல்லை.

1964ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியபோதே நிறையப் படங்கள் போய்விட்டிருந்தன. அதை ஆரம்ப காலத்திலிருந்து கட்டி வளர்த்த பி.கே. நாயர், அடிப்படையில் ஒரு ரசிகர். திருவனந்தபுரத்தில் சிறுவனாக இருந்தபோது பார்த்த படங்களின் டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்தவர். ஊர் ஊராகப் போய்க் கொட்டகைகளிலும் கிடங்குகளிலும் குடைந்து சுருள்களை மீட்டார். 2016ல் இறந்தார். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததிலும், 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கில் பற்றிய தீ ஒரு பகுதியைக் கொண்டு போயிற்று. அரசாங்கக் கிடங்குகளில் பழைய படங்களுக்குக் கிடைக்கும் அக்கறை, பழைய கோப்புகளுக்குக் கிடைக்கும் அக்கறைதான்.

பருவா நடித்த வங்காள தேவதாஸின் பிரதி ஒன்று டாக்காவில், பங்களாதேஷ் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்தது. தேசம் பிரிந்தபோது அந்தப் பக்கம் நின்றுவிட்ட எத்தனையோ பொருள்களில் ஒன்று. நல்ல நிலையில் இல்லை. கணிசமான பகுதி சிதைந்து போயிருந்தது. நெடுநாள் முயற்சிக்குப் பிறகு அதன் நகல் ஒன்று புனேக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பாஸ்போர்ட் வாங்கி ஊர் திரும்பிய மாதிரி.

எனவே கொல்கத்தா ரசிகர்கள் இனி கேள்வி ஞானத்தை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டியதில்லை. கீறலும் புள்ளியுமாக இருந்தாலும், ஒலி விட்டு விட்டு வந்தாலும், பருவாவையும் சைகலையும் அடுத்தடுத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு படத்திலும் அதே ஜமுனாதான் பார்வதி. ஒரு முறை பருவாவுக்காகவும், ஒரு முறை சைகலுக்காகவும் அவர் அந்தக் கதவை நோக்கி ஓடியிருக்கிறார். எந்த ஓட்டத்தில் வேகம் அதிகம் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.